சீட்டு கிடைத்ததோடு முடிந்ததா?

ஜமுனாமரத்தூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளையைக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கு, கொஞ்சம் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

எஸ்.டி. சான்றிதழுக்காக எத்தனை அலுவலகப் படி ஏறினோம்! கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது என்று விடிய விடியப் பேசினோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்று தெரிந்து நிம்மதியானோம். பெட்டி படுக்கையோடு போளூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அதற்குப் பிறகு, இந்த நான்கு வருஷத்தில் பிள்ளை எதை எப்போது படிக்கப் போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

“எங்களுக்கு என்னங்க தெரியும், எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு” என்கிறீர்கள். இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். போன வருஷம் சாமை விதைத்த கொல்லையில் இந்த வருஷம் எதைப் போடலாம், எது எந்த மழைக்கு முன்னால் மண்ணுக்குள் போக வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பவர்கள் நாம். பாடங்களுக்கும் அப்படி ஒரு முன் பின் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது அந்த வருஷத்துப் பாடத்திட்டத்தில், முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி மொழி, மூன்றாவதில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் டிஸ்கிரீட் கணிதமும், நான்காவதில் அல்காரிதம்ஸ், ஐந்தாவதில் கம்பைலர். சி-யில் கைப்பழக்கம் வராத பிள்ளைக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புரியாது. அது புரியாவிட்டால் அல்காரிதம்ஸில் மனப்பாடம்தான். மூன்றாம் வருஷத்தில் விழும் அரியருக்குக் காரணம் பல நேரம் முதல் வருஷத்தில் இருக்கிறது. “அரியர்தானே, அப்புறம் எழுதிக்கலாம்” என்று பிள்ளை சொல்லும்போது நாமும் தலையாட்டுகிறோம். வேலைக்கு ஆள் எடுக்க வரும் பல கம்பெனிகள் நிலுவையில் அரியர் உள்ளவர்களை எழுத்துத் தேர்வுக்கே உட்கார விடுவதில்லை.

அடுத்தது விருப்பப் பாடம். பிள்ளைகள் எலெக்டிவ் என்பார்கள். அதே ரெகுலேஷனில் துறை சார்ந்த விருப்பப் பாடங்கள் ஆறு. ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் வரும். டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி, கிளவுட், ஃபுல் ஸ்டாக் என்று பிரிவு பிரிவாகக் கொடுத்திருக்கிறார்கள். அங்கொன்று இங்கொன்றாகப் பொறுக்கலாம், ஒரே பிரிவில் தொடர்ந்தும் எடுக்கலாம். கூடுதலாக 18 கிரெடிட் முடிப்பவருக்கு, மற்ற தகுதிகளும் இருந்தால், ஹானர்ஸ் பட்டமே உண்டு. நம் பிள்ளைகளோ அறைத்தோழன் எதை எடுத்தானோ அதை எடுக்கிறார்கள், அல்லது யார் மார்க் அள்ளிப் போடுவார் என்று விசாரித்து எடுக்கிறார்கள். வீட்டில் யாரும் கேட்காத பிள்ளை வேறு என்ன செய்யும்?

இன்னொன்றும் சொல்லவேண்டும், கசந்தாலும் கேளுங்கள். புளி உலுக்க ஆளில்லை, பங்காளி வீட்டுக் கல்யாணம், ஊர்த் திருவிழா என்று செமஸ்டர் நடுவில் போன் போட்டு வரச் சொல்கிறோம். எழுத்துத் தாள்களில் நூற்றுக்கு நாற்பது மார்க் கல்லூரிக்குள்ளேயே, இடைத்தேர்வுகளிலும் ஒப்படைப்புகளிலும் முடிவாகிறது. வருகைப் பதிவு 75 சதவீதம் வேண்டும். மலையேறி வந்து திரும்பும் ஒவ்வொரு பயணமும் எத்தனை வகுப்பைத் தின்கிறது என்று யோசித்தீர்களா? திருவிழாவுக்குப் பிள்ளை வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் தேர்வு அட்டவணையைக் கேட்டுவிட்டு அல்லவா கூப்பிட வேண்டும்?

இதெல்லாம் நமக்கு எட்டாத உலகம் என்றும் நினைக்காதீர்கள். இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986-இல் திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. வானத்தை அது பிடிக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்துதான் விஞ்ஞானிகள் படிக்கிறார்கள். அதற்கான பாடம் இமேஜ் பிராசஸிங். விருப்பப் பாடப் பட்டியலில் அது சார்ந்த பாடத்தைப் பார்த்தும், காவலூருக்கும் அதற்கும் உள்ள தொடர்பை யாரும் சொல்லாததால் நம் ஊர்ப் பிள்ளை தாண்டிப் போய்விடுகிறது. மேற்படிப்புக்கான கேட் தேர்வைப் பற்றியும் சொல்ல ஆளில்லை. அதில் கேட்பது பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வருஷத்துப் பாடங்களைத்தான்: ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க்ஸ், டிஸ்கிரீட் கணிதம். கடைசி வருஷத்தில் அதைக் கேள்விப்படும் பிள்ளை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த விடுமுறைக்குப் பிள்ளை வந்ததும் பாடத்திட்டப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லுங்கள், போனில் இருந்தாலும் சரி. எந்த வருஷத்து ரெகுலேஷன் என்று முதலில் கேளுங்கள். பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது, சீனியர் சொன்னது உங்கள் பிள்ளைக்குப் பொருந்தாமல் போகலாம். எட்டு செமஸ்டரையும் ஒரு தாளில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். முடித்ததற்கு ஒரு குறி, அரியருக்கு ஒரு குறி. விருப்பப் பாடம் ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஏன் அதை எடுக்கிறாய் என்று கேட்டு, பதிலையும் எழுத வையுங்கள். பதில் இல்லாத இடத்தைத் துறை ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அந்தத் தாளின் ஒரு நகல் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.