நமக்கு இன்னா பண்டிகை?

நம் இயக்கத்தின் நாட்காட்டியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் தோழர்களே. டிசம்பர் 6, அண்ணல் மறைந்த நாள். டிசம்பர் 25, கீழ்வெண்மணியில் 1968-இல் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய நாள். ஜூன் 30, மேலவளவில் 1997-இல் முருகேசனையும் கூட இருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்த நாள். ஜூலை 23, 1999-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைத் தாமிரபரணிக்குள் விரட்டி 17 பேரைச் சாகடித்த நாள்; அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. செப்டம்பர் 11, 1957-இல் இம்மானுவேல் சேகரன் கொலையுண்ட நாள். 2011-இல் அதே நாளில் பரமக்குடியில் போலீஸ் சுட்டு ஆறு பேர். அக்டோபர் 10, நம் செங்கல்பட்டுப் பக்கத்துக் காரணையில் 1994-இல் பஞ்சமி நிலம் கேட்டுச் சுடப்பட்ட ஜான் தாமசும் ஏழுமலையும்.

இதில் ஒரு நாளைக்கூட மறக்கச் சொல்ல நான் வரவில்லை. கேட்க வந்தது வேறு. இத்தனை நாள்களில் நாலு வயசுப் புள்ளைக்கு எது? மெழுகுவத்தி பிடிக்க வைக்கலாம், கறுப்புத் துணி குத்தி விடலாம். அதுவும் வேண்டியதுதான், பத்து வயசுக்கு மேல. ஆனால் புதுத்துணி போட்டுக்கொண்டு, வாயெல்லாம் இனிப்பு ஒட்டிக்கொண்டு, இன்றைக்கு நம் நாள் என்று தெருவில் ஓட அதற்கு ஒரு நாள் வேண்டாமா? 'அது ஊர்க்காரனோடது', 'இது பாப்பானோடது', 'அது நம்மள கொன்ன நாளு' என்று நாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால், குழந்தையின் கையில் மிச்சம் இருப்பது என்ன?

என் மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். கவிதை எழுதுகிறவள். என் வீட்டுக்காரர் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் வீட்டுக்கு வருகிற தோழர்கள் தீபாவளிக்கு முதல் நாள் தவறாமல் ஒரு வகுப்பு எடுப்பார்கள். நரகாசுரன் நம்மாளு, அவனைக் கொன்ற நாளை நாமே கொண்டாடலாமா என்று. வாதம் சரி. மறுப்பே இல்லை. வகுப்பு முடிந்ததும் தோழர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு எதிர்த் தெருவில் வெடிக்கிற சரத்தைக் கேட்டு எழுந்து உட்காருகிற புள்ளைக்குப் பதில் சொல்கிற வேலை யாருக்கு? அவருக்கா? எனக்கு. "அம்மா, அப்போ நமக்கு இன்னா பண்டிகை?" என்று அது கேட்கிறபோது, இல்லை என்பதையே ஒரு பண்டிகையாகச் சுட்டுத் தட்டில் வைக்க முடியாது.

பொங்கலைச் சொல்வீர்கள். பெரியாரே ஏற்ற தமிழர் திருநாள், மதம் இல்லாதது, உழவர் விழா. எந்த உழவர்? நிலம் யாரிடம் இருந்தது? என் பாட்டி ஆண்டை வீட்டு வாசலில் கொட்டாய்க்கு வெளியே நின்று பாத்திரத்தில் வாங்கிவந்த பொங்கச்சோறுதான் எங்கள் குடும்பத்தின் உழவர் திருநாள். கூடவே ஒரு பழைய வேட்டி, ரெண்டு படி அரிசி. இனாம் என்று அதற்குப் பேர். அறுத்தது இவள், அடித்தது இவள், வாங்கியது இனாம். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் நிலைமையை எழுதி அனுப்பித்தான் பஞ்சமி நிலமே வந்தது. அந்த நிலமெல்லாம் எங்கே போனது என்று கேட்டதற்குத்தான் காரணையில் குண்டு. இன்றைக்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கொள்கிற இடம். கம்பெனி பஸ், கம்பெனி பஸ், கம்பெனி பஸ். நெல்லுமில்லை, ஏரிப் பாசனம் பற்றிப் பேச ஆளுமில்லை. நிலம் விற்றவனுக்குப் பணம் வந்தது. அதே நிலத்தில் நடவு நட்ட கூலிக்காரிக்கு என்ன வந்தது? அவள் பேரனுக்கு ஒப்பந்த அட்டை வந்தது.

போகி இன்னும் வேடிக்கை. சென்னையிலும் எங்கள் பக்கத்திலும் போகி விடியலில் எல்லா வீட்டுக் குழந்தையும் கையில் ஒரு சின்ன மேளம் வைத்துக்கொண்டு டம டம என்று அடிக்கும். ரோட்டோரத்தில் அடுக்கி வைத்து விற்பார்கள். மாட்டுத் தோல் இழுத்துக் கட்டினது. அந்தத் தோலை உரித்துக் காயவைத்த கைக்கு வருசம் முழுக்கத் தீட்டு. அந்த மேளத்தின் அண்ணன்காரனான பறையை அடித்தவனுக்கு அதுவே சாதிப் பெயர். ஊர் வீட்டுக் குழந்தை அடித்தால் விளையாட்டு, நாம் அடித்தால் சாவு மேளம். இதை என் மகளுக்கு எந்த வயசில் சொல்வது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடிக்க வேண்டாம் என்று பிடுங்க மாட்டேன். அது நம்முடையது, நல்லா அடிக்கட்டும்.

ஊர்த் திருவிழா? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரல் திருவிழாவில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் ஆட்கள் அடிபட்டார்கள். ஜூன் மாதம் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். வழக்கு நடந்து 2025 ஏப்ரலில்தான் போலீஸ் காவலோடு உள்ளே போக முடிந்தது. நுழைகிற உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது, அது தனி. ஆனால் தேர் என்றைக்கு நம் தெருப்பக்கம் திரும்புமோ என்று குழந்தையின் சந்தோஷத்தை ரெண்டு வருசம், இருபது வருசம் என்று நிறுத்தி வைக்க முடியுமா? அதற்குள் அது கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விடும்.

நமக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, பண்டிகை பண்டிகையாக எடுத்து அதற்கு வேறு கதை சொன்னார். தீபாவளி அசுரனைக் கொன்ற நாள் அல்ல, எள்ளிலிருந்து நெய் கண்டறிந்து முழுகிக் குளித்த பௌத்தர்களின் நாள் என்றார். வரலாறா இல்லையா என்று பட்டிமன்றம் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நான் பார்ப்பது வேறு. ஒரு பண்டிகையை வேண்டாமென்று தள்ளினால் மட்டும் போதாது, வீட்டில் அந்த எண்ணெய்க் குளியலும் பலகாரமும் கிடக்கின்றன, அவற்றுக்கு நம் கதை வேண்டும் என்று நூறு வருசத்துக்கு மேலே அந்தக் கிழவருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை. அம்பேத்கரும் அப்படித்தான். 1956 அக்டோபர் 14 என்ன நாள்? விஜயதசமி. நாக்பூரில் லட்சக்கணக்கான சனம் பௌத்தம் தழுவிய நாளாக அவர் எடுத்தது, சனம் ஏற்கெனவே பண்டிகை கொண்டாடிக்கொண்டிருந்த ஒரு நாளை. இன்றைக்கும் தீட்சாபூமிக்குக் குடும்பம் குடும்பமாக, கைக்குழந்தையோடுதான் போகிறார்கள். புனேவில் 1928-இல் ஜனார்தன் ரணபிசே தொடங்கி வைத்த அண்ணல் பிறந்தநாள் விழா, மராட்டியத்தில் இன்று வீட்டுப் பண்டிகை. புதுத்துணி எடுக்கிறார்கள், வாசலில் கோலம் போடுகிறார்கள், இனிப்பு செய்கிறார்கள்.

நம்மிடம் ஏப்ரல் 14 எப்படி நடக்கிறது? சிலைக்கு மாலை. பைக் ஊர்வலம். கட்சிக்கொடி யாருடையது உயரம் என்று ஒரு சண்டை. சாயந்திரம் ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் ஒன்பதுக்குத் தொடங்கி, மாவட்டம், ஒன்றியம், நகரம் என்று வரிசையாக 'அவர்களே அவர்களே' சொல்லி முடிக்கும்போது மணி பதினொன்று. முன்வரிசையில் உட்கார வைத்த புள்ளைங்க எல்லாம் மண்ணிலேயே தூங்கியிருக்கும். பெண்கள் எங்கே? வீட்டில், மேடைக்கு வந்த தலைவர்களுக்குச் சோறு ஆக்கிக்கொண்டு. இது ஆம்பளைங்க பண்டிகை தோழர்களே. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. எவனாவது வந்து தலையை உடைத்துவிடுவான் என்று அரசாங்கமே போட்டது. எங்கள் தெருப் பையன் ஒருத்தன் கேட்டான், "தாத்தா இன்னாத்துக்கு ஜெயில்ல கீறாரு?" என்று. மேடையில் யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அதுதான் அன்றைக்கு நடந்த ஒரே அரசியல் வகுப்பு. நீலக் கோட்டும் நீட்டிய விரலும் தவிர அவரிடம் குழந்தைக்குச் சொல்ல எவ்வளவு இருக்கிறது! பள்ளிக்கூடத்தில் கோணி மேல் தனியாக உட்கார்ந்த பையன். பியூன் வந்து மேலிருந்து ஊற்றினால்தான் தண்ணி, பியூன் வராத அன்றைக்குத் தண்ணியே இல்லை. தாகம் என்றால் மூணு வயசுக்குக்கூடப் புரியும். அவர் பெற்ற அஞ்சு பிள்ளைகளில் நாலு பேர் சின்ன வயசிலேயே போய்விட்டார்கள். கடைசியில் 1926-இல் ராஜரத்னா. அடுத்த வருசம் மார்ச்சில்தான் மகாடில் குளத்தில் இறங்கித் தண்ணி அள்ளினார். பிள்ளையைப் புதைத்த கை அது. அவர் ஒரு அப்பா என்று நம் குழந்தைகளுக்கு யார் சொன்னது?

இப்போது விடுமுறைக்கு வருவோம். இதைப் பேசாமல் பண்பாடு பற்றிப் பேசுவது எனக்கு ஒத்துவராது. நான் கவுண்டரில் உட்காருகிறவள். வருசத்துக்கு மூணு தடவை எங்கள் கிளையில் நகைக்கடன் வரிசை வாசல் வரை போகும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன், தீபாவளி, பொங்கல். காதில் கிடப்பதைக் கழற்றி வைத்துத்தான் புள்ளைக்குப் புதுத்துணி. அப்படி வாங்கின துணியைப் புள்ளை போட்டுக்கொண்டு நிற்கும்போது அப்பன் வீட்டில் இருப்பானா என்றால், அது ஷிப்டைப் பொறுத்தது.

எனக்கு ஏப்ரல் 14 விடுமுறை. 1881-ஆம் வருசத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அரசு போடுகிற பட்டியலில் அது இருக்கிறது. 2022 முதல் தமிழக அரசு அதைச் சமத்துவ நாள் என்று அறிவித்து உறுதிமொழியும் எடுக்கச் சொல்கிறது. ஆனால் தொழிற்சாலைக்கு அந்தப் பட்டியல் கிடையாது. அங்கே 1958-ஆம் வருசத்துத் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம். மொத்தம் ஒன்பது நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் கட்டாயம். மீதி அஞ்சு எது என்று சட்டம் பெயர் சொல்லவில்லை. முதலாளியையும் தொழிலாளியையும் கலந்து ஆய்வாளர் குறிக்க வேண்டும். அந்த அஞ்சில் ஆயுத பூசைக்கு எப்போதும் இடம் இருக்கும். மிஷினுக்குச் சந்தனப் பொட்டு, பூசணிக்காய் உடைப்பு, அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ். என் வீட்டுக்காரர் வேலை செய்கிற இடத்தில் ஏப்ரல் 14-ம் விடுமுறைதான். அறிவிப்புப் பலகையில் தமிழ்ப் புத்தாண்டு என்று மட்டும் போட்டிருந்தது. வருசப்பிறப்பு தையிலா சித்திரையிலா என்று 2008-இல் ஒரு சட்டம் போட்டு 2011-இல் அதை ரத்து செய்து அடித்துக்கொண்டார்களே, அந்தச் சண்டைக்குள் அந்தத் தேதியில் பிறந்த மனுசர் எங்கே போனார்? அதுவும் போன வருசம் உற்பத்தி நெருக்கடி என்று ஒப்பந்த ஆட்களை வரச் சொல்லிவிட்டார்கள். வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, இல்லையென்றால் மாற்று நாளும் அன்றைய கூலியும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒப்பந்தக்காரனிடம் போய் யார் கேட்பது?

சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் சாம்சங் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தது, எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு என்று ஒத்துக்கொள் என்பதற்காக. சங்கம் இருக்கிற இடத்தில் இந்த அஞ்சு நாள் பட்டியல் பேசப்படும்போது நம் ஆட்கள் வாயைத் திறக்க வேண்டும். 'அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள்' என்று பெயர் போட்டு எழுதிக் கேட்க வேண்டும். ஒப்பந்த ஆளுக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். இது சாதிக் கோரிக்கை, வர்க்க ஒற்றுமை கெடும் என்று செங்கொடித் தோழர் எவராவது சொன்னால், ஆயுத பூசை எந்த வர்க்கத்தின் கோரிக்கை என்று கேளுங்கள். ஒரிசா, பீகாரிலிருந்து வந்து எங்கள் தெருவில் ஒரு அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருக்கிற பையன்களில் எத்தனையோ பேருக்கு 'ஜெய்பீம்' நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களும் வருவார்கள்.

எங்கள் தெருவில் வருகிற ஏப்ரல் 14-க்கு நாங்கள் சில பெண்கள் உட்கார்ந்து பேசி வைத்திருக்கிறோம். பொங்கலுக்கு நகை வைப்பதில்லை. ஒரு செட் துணி, அது ஏப்ரலில்தான். காலையில் எண்ணெய்க் குளியல், அயோத்திதாசர் பேரைச் சொல்லி. கறி சமைக்கிறவர்கள் ஒளித்து மறைத்துச் சமைக்க வேண்டாம், மாட்டுக்கறி என்று சொல்லியே சமைக்கலாம். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லக் கூச்சப்படுகிற புள்ளைங்க அன்றைக்காவது வயிறாரப் பேசித் தின்னட்டும். மாலை அஞ்சு மணிக்குச் சிலைக்குப் பக்கத்தில் புள்ளைங்களே பறை அடிப்பார்கள். கூண்டு ஏன் என்பதையும் தண்ணிக் கதையையும் நான் சொல்கிறேன். மைக் ஏழு மணி வரை புள்ளைங்களிடம். அதற்கு மேல் மாவட்டமும் ஒன்றியமும் எடுத்துக்கொள்ளலாம். சோறு ஆறரைக்கே போட்டாக வேண்டும். பரிமாறவும் அண்டா கழுவவும் ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். அதில் இதுவரை ரெண்டே ஆண் தோழர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பத்துப் பேர் வேண்டும்.