சிமென்ட் ஊற்றினால் ஓடை திரும்புமா?



சுரங்கத்தால் வற்றிய ஓடைக்கு, விரிசலில் சிமென்ட் கரைசலை இறக்கினால் போதும் என்று நம் மாணவர் ஒருவர் எழுதியிருந்தார். ஒப்புக்கொள்ள மாட்டேன், தம்பி.

நிலக்கரியை மொத்தமாக உருவினால் கூரை சரியும், மேலே நிலம் சில அடி இறங்கும், படுகைப் பாறை பிளக்கும். மேல் விரிசலை அடைக்கலாம், கீழே பிளந்ததை? (புவியியல் வகுப்பில் தூங்கியவர்களுக்கும் இது புரியும்.)

பென்சில்வேனியாவில் ரையர்சன் பூங்காவின் டியூக் ஏரி. அணையில் விரிசல் கண்டு 2005-ல் நீரை வடித்தார்கள். 2013-ல் நிறுவனம் 3.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பணம் வந்தும் ஏரி வரவில்லை! நிலம் இன்னும் நகர்கிறதென்று 2015-ல் அரசே அணைத் திட்டத்தைக் கைவிட்டது.

'பிறகு சரிசெய்வோம்' என்று எழுதிக்கொடுத்தால் அனுமதி தருவதுதான் கோளாறு. ஓடைக்கு அடியிலுள்ள கரியைத் தொடாதே என்று முதலிலேயே சொல்ல வேண்டும். தம்பி, பதில் எழுது.