இசைத்தட்டின்மேல் வைக்கும் பாரம்: வேண்டுவது எப்போது?

பழுது இன்னதென்று அறியுமுன் பரிகாரம் தேடுவது வீண் முயற்சியாகும். இசைத்தட்டு கேட்போரிடையே இக்காலத்தில் பரவியுள்ள ஒரு துணைக்கருவியைப் பற்றியும் இவ்வாறே கூறவேண்டியுள்ளது. பித்தளை, எஃகு முதலிய உலோகங்களில் கடைந்தெடுத்த ஒரு வட்டப் பாரம், தட்டின் நடுத்துளை வழியே மேலெழும் அச்சு முனையில் செருகப்படுகிறது. இதை வைத்த மாத்திரத்தில் ஒலி தெளிவடையும் என்றும், வேகம் சீர்ப்படும் என்றும் விற்போர் கூறுகின்றனர். இக்கூற்றை ஆராய்ந்து பார்ப்பது அவசியம். ஏனெனில், பள்ளி அலமாரிகளிலும் அலுவலகப் பெட்டிகளிலும் எஞ்சியிருக்கும் பழைய தட்டுகளுள் சில மறுபடியும் கிடைத்தற்கு அரியவை.

முதலில் இக்கருவியின் உண்மையான பயனைக் காண்போம். வெயிலிலும் தவறான அடுக்கிலும் கிடந்த தட்டு வளைந்துவிடுகிறது. 1948-ஆம் ஆண்டில் அறிமுகமான நெடுந்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல்வது. அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகிறது. அதில் ஒரு மேடு இருப்பின், ஒவ்வொரு 1.8 விநாடியிலும் முள் ஒருமுறை ஏறி இறங்கும். அப்போது முள்ளின் அழுத்தம் கூடிக் குறைவதுடன் சுருதியும் அலையும். குடையைப்போல் நடு உயர்ந்த தட்டாயின், பாரம் அந்நடுவை அழுத்தி மேட்டைக் குறைக்கும். தட்டின் அடிப்பாகம் சுழல்பீடத்தின் விரிப்போடு நன்கு படிவதால், அதன் அதிர்வும் ஓரளவு அடங்கும். இப்பயன்கள் மெய்யானவை.

ஆயினும் அதே தட்டைத் திருப்பிப் போட்டால், குடை கிண்ணமாகிவிடுகிறது. விளிம்பு மேலெழுந்து, நடுப்பகுதி முன்னமே பீடத்தில் படிந்திருக்கும். நடுவில் வைக்கும் பாரம் விளிம்பை எங்ஙனம் தாழ்த்தும்? விளிம்பைச் சுற்றி அழுத்தும் வளையமே அதற்கு வேண்டும். ஆகவே முதற் பக்கத்தில் உதவிய பாரம் மறுபக்கத்தில் உதவாது போவதில் வியப்பில்லை. நடுத்துளை மையம் விலகியிருப்பதால் விளையும் சுருதிக் குறையையும் எந்தப் பாரமும் தீர்க்காது.

வேகம் சீர்ப்படும் என்னும் கூற்றைக் கணக்கிட்டே தெளியலாம். சுழலும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன் எடையை மட்டும் பொறுத்ததன்று; ஆரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. 15 சென்டிமீட்டர் ஆரமும் 1.5 கிலோகிராம் எடையும் உள்ள ஒரு சுழல்பீடத்தின்மேல், 3.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள 300 கிராம் பாரம் வைக்கப்படுவதாகக் கொள்வோம். இரண்டும் சீரான வட்டுகளாயின், பாரத்தால் கூடும் நிலைமம் நூற்றில் ஏறத்தாழ ஒரு பங்கே. இவ்வற்பப் பங்கினால் வேகம் சீர்ப்படும் என்பது பொருந்தாது. தட்டு வழுக்குவதைப் பாரம் தடுக்கும் என்பதும் பெரும்பாலும் தேவையற்ற கவலையே. இன்றைய முள் ஏறக்குறைய 2 கிராம் அளவே அழுத்துகிறது. தட்டின் எடையோ 120 கிராமுக்கும் மேற்பட்டது.

தீங்கும் இல்லாமலில்லை. வில்சுருள்களின்மேல் தொங்குமாறு அமைத்த இயந்திரத்தில் பாரம் ஏறினால் சமநிலை கெடும். சிறிய இயந்திரங்களில் அச்சின் தாங்கி விரைவில் தேயக்கூடும். அரக்குத் தட்டுகள் விஷயத்தில் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை. அவை உடையுந்தன்மை வாய்ந்தவை. விரிசல் கண்ட தட்டை ஓர் அழுத்தமே பிளந்துவிடலாம். ஜார்ஜ் கிரியர்ஸன் தலைமையில் நடைபெற்ற இந்திய மொழியளவாய்வின் தொடர்பாக, 1913 முதல் 1929 வரை நாட்டின் பல பகுதிகளிலும் மக்களின் பேச்சு இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. அத்தகைய தட்டு ஒன்று உடைந்தால், உடைவது வெறும் அரக்கன்று. ஒரு தலைமுறையின் குரல். ஆகையால் பழைய அரக்குத் தட்டின்மேல் பாரம் வைப்பதைத் தவிர்த்தலே அறிவுடைமை.

பாரத்தைப் பற்றி எண்ணுமுன் செய்யவேண்டிய பணிகள் பல உள. ரசமட்டம் வைத்துச் சுழல்பீடத்தைச் சமப்படுத்துதல், தட்டின் தூசியை நீக்குதல், தேய்ந்த முள்ளை மாற்றுதல், முள்ளின் அழுத்தத்தைத் தராசினால் அளந்து குறித்த அளவில் நிறுத்துதல் ஆகியவை முதலிடம் பெறத்தக்கவை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுக்கு நெடுந்தட்டின் நுண்ணிய முள் பொருந்தாது; அதற்கென அகன்ற முனையுள்ள முள்ளையே பயன்படுத்த வேண்டும். இவற்றைப் புறக்கணித்துப் பாரத்தை வாங்குவது, தேய்ந்த சக்கரத்தை விட்டுவிட்டு வண்டிக்கு வர்ணம் பூசுவதை ஒக்கும்.

இவையனைத்தையும் செய்த பின்னரும் ஐயம் எஞ்சினால், வகுப்பறையிலேயே சோதித்தறியலாம். கேட்பவர் இயந்திரத்துக்கு முதுகு காட்டி அமர, மற்றொருவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் பாரத்தை வைத்தும் பூ விழுந்தால் எடுத்தும் அதே இசைப்பகுதியை ஒலிக்கச் செய்க. பாரம் இருந்ததா இல்லையா என்பதைக் கேட்பவர் ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கவேண்டும். பத்து முறைகளில் ஒன்பதோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகமாயிருக்க நூற்றில் ஏறக்குறைய ஒரு வாய்ப்பே உண்டு. அவ்வேற்றுமை மெய்யென ஏற்கலாம். ஐந்தாறு முறை மட்டுமே சரியாயின், காதுக்கு முன்னே கண்ணும் விலைச்சீட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டன என்றே கொள்ளவேண்டும்.

நடு உயர்ந்த வினைல் தட்டுக்கு அளவான பாரம் நல்ல துணையே. வளைவற்ற தட்டுக்கு அதனால் பெரும் பயன் விளைவதில்லை. கையிருப்பில் உள்ள தொகை சிறிதாயின், அதைப் புதிய முள்ளுக்கும் தட்டுகளை நிமிர்த்தி அடுக்கும் அலமாரிக்கும் முதலில் செலவிடுதல் நன்று.