நெய்வேலி நீரும் நரம்பு வலையும்

நேரியலல்லாத பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு இனி நரம்பு வலைப்பின்னல்களே போதும், நிலத்தைக் கட்டங்கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும் பழைய முறைகள் பரணுக்குப் போகட்டும் என்ற அபிப்பிராயம் பலமாகப் பரவியிருக்கிறது. முந்திரியும் பலாவும் மண்டிய பண்ருட்டிச் செம்மண்ணில் நின்றுகொண்டு, நெய்வேலிச் சுரங்கத்தார் அல்லும் பகலும் இறைக்கும் நீரை மனத்தில் வைத்து இதைப் பரிசீலிப்போம். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இறைத்துத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பொங்கி வெடிக்கும். அடைபட்ட அந்நீர் நேரியல் சமன்பாட்டுக்கு அடங்கும். மேலே தடையின்றி நிற்கும் நீருக்கோ, மட்டம் தாழத் தாழ நீரோடும் தடிமனும் குறைவதால், பூஸ்ஸினெஸ்க் வகுத்த நேரியலல்லாத சமன்பாடு வேண்டும்.

கட்டமே வேண்டாம் என்பது இந்த அபிப்பிராயக்காரர்களின் முதல் வாதம். ராய்ஸி, பெர்டிகாரிஸ், கார்னியாடாகிஸ் மூவரும் 2019-இல் வெளியிட்ட நரம்பு வலை முறையில் கட்டம் இல்லைதான். ஆனால் வலையைப் பயிற்றுவிப்பதே கணக்கைத் தீர்ப்பதாகையால், இறைப்பின் அளவை மாற்றினால் பெரும்பாலும் மறுபடியும் பயிற்சிதான். இறைக்கும் கிணற்றை நெருங்க நெருங்க நீர்மட்டம் செங்குத்தாகச் சரிகிறது. வலையோ மெல்லிய வளைவுகளை முதலில் கற்று, அச்சரிவைக் கடைசியில், அதுவும் அரைகுறையாகவே கற்கிறது. நமக்கு வேண்டியது அந்தச் சரிவு!

வேகத்தைச் சொல்வார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் விகாஸ் துவிவேதியும் பாலாஜி ஸ்ரீனிவாசனும் 2020-இல் வெளியிட்ட யுக்தி, பயிற்சியை ஒரே கணக்கில் முடிப்பது மெச்சத்தக்கதே. ஆயினும் அந்த வேகம் நேரியல் சமன்பாடுகளுக்கு உரியது. பொதுவாகவும், இத்தகைய கற்றல் முறைகள் பழைய முறைகளை வென்றதாகச் சொன்ன 76 திரவவியல் கட்டுரைகளுள் 60, சோனியான எதிராளியோடு மோதியவையே என்று மெக்கிரீவியும் ஹக்கீமும் 2024-இல் காட்டினார்கள்.

நூறு பரிமாணச் சமன்பாட்டை வலை தீர்த்ததே என்பர். 2018-இல் ஹான், ஜென்ட்ஸன், ஈ ஆகியோர் செய்தது அதுதான், மகத்தான காரியமும்கூட. நம் நிலத்தடி நீருக்கோ இடத்தால் மூன்று, காலத்தால் ஒன்று என நான்கே பரிமாணங்கள். அங்கே கட்டமுறை தடுமாறுவதில்லை.

சமன்பாடு இருக்க அளவீடு எதற்கு என்பதுதான் எல்லாவற்றிலும் விபரீதமான வாதம். இந்நீரைத் தாங்கும் கடலூர் மணற்கல் எவ்விடத்தில் எவ்வளவு நீரைக் கடத்தும் என்பதைச் சமன்பாடு சொல்லாது. கிணற்று மட்டங்களிலிருந்து அக்குணத்தைப் பின்னோக்கி ஊகிப்பதில் வலைக்கு உண்மையான உபயோகம் உண்டு. அதற்கும் மட்டங்கள் அளக்கப்பட்டிருக்க வேண்டுமே! ஆதலால் புதிய கணிப்பொறி வாங்குமுன், நெய்வேலிக்கும் பண்ருட்டிக்கும் இடையே கண்காணிப்புக் கிணறுகளைக் கூட்டி, அவற்றின் அளவுகளை முந்திரித் தோப்புக்காரரும் பார்க்கும்படி மாதந்தோறும் வெளியிடுங்கள்.