அவதானமும் அலுவலகமும்

அவதானம் என்னுஞ் சொல்லைத் தமிழுலகம் பெருமதிப்போடு வழங்கி வந்திருக்கிறது. ஒரே வேளையிற் பல பொருள்களில் மனத்தைச் செலுத்தி, ஒன்றையும் வழுவவிடாது விடையிறுக்கும் ஆற்றலை நம் முன்னோர் அவையில் ஏற்றிப் போற்றினர். மேலைப்புலோலி தந்த நா. கதிரைவேற்பிள்ளை அவ்வாற்றலினாலே சதாவதானி என்னும் பட்டம் பெற்றமையை யாழ்ப்பாணத்தார் நன்கறிவர். அவதானத்திற் சிறந்தாரைப் புகழக் கற்றுக்கொண்ட நாம், அவதானம் ஓரிடத்தில் நிலைபெறாமையால் வருந்துவாரைப் புரிந்துகொள்ள இன்னுங் கற்றுக்கொண்டோமில்லை. அவ்வருத்தம் வகுப்பறையோடு ஒழிவதன்று. கந்தோர் வரையும் உடன்செல்வது. பழைய மாணவருட் பலர் இன்று பிறரை வேலைகொள்ளும் நிலையில் இருத்தலின், அதுபற்றி இம்மலரிற் சில கூறுதல் பொருத்தமாகும்.

மருத்துவர் ஏ. டி. எச். டி. என்று சுருக்கி வழங்கும் நிலையைத் தமிழில் அவதானக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு என்பர். இப்பெயரே ஒரு மயக்கத்திற்கு இடந்தருகிறது. இந்நிலையுடையாரிடம் அவதானமே இல்லையென்று கொள்ளற்க. உவப்பான வேலை கிடைப்பின் ஊணையும் உறக்கத்தையும் மறந்து அதில் ஆழ்வாரும் அவருள் உளர். உவப்பில்லாத வேலையிலோ பத்து நிமிடமும் மனம் நில்லாது நழுவிவிடும். குதிரை வலியது; கடிவாளமே தளர்ந்தது. இவ்வேறுபாட்டைக் காண்போர், “விரும்பியதைச் செய்கிறான், ஏவியதைச் செய்கின்றானில்லை” என்று எளிதில் முடிவுகட்டிவிடுகின்றனர். குற்றச்சாட்டு பிறக்கும் இடம் இதுவே.

இது நேற்றுத் தோன்றிய நாகரிக நோயன்று. அலெக்சாந்தர் கிறைற்றன் என்னும் ஸ்கொத்லாந்து மருத்துவர் 1798ஆம் ஆண்டிலேயே, ஒரு பொருளில் மனத்தை நிலைநிறுத்தமாட்டாத தன்மையைத் தம் நூலில் விரித்தெழுதினார். 1902இல் ஜோர்ஜ் ஸ்ரில் என்பார் இலண்டன் மாநகரில் ஆற்றிய விரிவுரைகளில், அறிவிற் குறைவில்லாதிருந்துந் தம்மை அடக்கியாளமாட்டாத சிறுவர் பலரைக் குறிப்பிட்டார். ஆயினும் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்றே பெயரிட்டார். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கைந்நூல் 1968இல் இதனைக் குழந்தைப் பருவத்துக்குரியதாகவே வைத்தது. 1980இலேதான் அவதானம் என்பது நோயின் பெயரில் இடம்பெற்றது. வளர்ந்தோர்க்கென அறிகுறிகளின் எண்ணிக்கை வேறாக வகுக்கப்பட்டது 2013இலாகும். எனவே ஒழுக்கக் குற்றமென்று கருதப்பட்டது உடலியற்கையென்று உணரப்படுதற்கும், சிறுவர்க்கே உரியதென்று எண்ணப்பட்டது முதியோர்க்கும் உண்டென்று தெளிதற்கும் மருத்துவ உலகிற்கே நெடுங்காலஞ் சென்றது. நமது கந்தோர்களோ இன்னும் 1902ஆம் ஆண்டிலேயே நிற்கின்றன.

ஓர் இலிகிதரை எண்ணிப் பார்ப்போம். மேலதிகாரி வாய்மொழியாக ஐந்து கட்டளை இடுகிறார். இலிகிதர் தம் மேசைக்குத் திரும்புமுன் மூன்று நினைவினின்றும் நழுவிவிடுகின்றன. மறுபடி கேட்க வெட்கம் தடுக்கிறது. கோவை ஒன்றை விரிக்கிறார், தொலைபேசி ஒலிக்கிறது, பேசி முடித்தபின் விரித்த கோவை நினைவில் இல்லை. திங்களிறுதியிற் கொடுக்கவேண்டிய அறிக்கை, முதல்நாள் மாலைவரை அவர்க்குத் தொலைவில் உள்ளதாகவே தோன்றுகிறது. பின்னர் இரவெல்லாம் விழித்து முடிக்கிறார். கூட்டத்திற் பிறர் பேசி முடிக்குமுன் குறுக்கிட்டு, அடுத்த கணமே அதற்கு வருந்துகிறார். இத்துணையையும் மறைத்தற்குப் பிறர் அறியாமல் இருமடங்கு உழைக்கிறார். அவருடைய இரகசியக் கோவையில் எழுதப்படுவதோ, ‘அசிரத்தை’ என்னும் ஒரே சொல். பெண்களிடத்தில் உடற்பரபரப்புப் பெரும்பாலுங் குறைந்து மனத்தின் அலைவே மிகுந்திருத்தலின், அவர் நிலை இன்னும் எளிதிற் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதனால் வரும் நட்டம் ஊழியர்க்கு மட்டும் உரியதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் மனநல ஆய்வுத்திட்டத்தின் வழியே பத்து நாடுகளிற் தொழில் செய்வோரிடம் நடத்திய ஆராய்ச்சியொன்று 2008இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 3.5 பேர் இந்நிலையுடையார் என்றும், அவர் ஒவ்வொருவரும் பிறரினும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 22 நாள் வேலைப்பயனை மிகுதியாக இழக்கின்றனர் என்றும் அது கணித்தது. அவருட் சிகிச்சை பெற்றவர் மிகச் சிலரே. தண்டித்தல் இவ்விருபத்திரண்டு நாளில் ஒன்றையேனும் மீட்டுத்தருமா என்பதை வேலைகொள்வோர் சிந்திப்பாராக.

“குறைக்கெல்லாம் நோயின் பெயர் சூட்டினால், முயற்சி என்ற சொல்லுக்கு இடமேது?” என்று வினவுவார் உளர். வினா நேரியதே. ஒருநாள் மறதியும் ஒருவாரச் சோர்வும் இக்கோளாறு ஆகமாட்டா. அறிகுறிகள் பன்னிரண்டு வயதிற்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும். வீடு, பள்ளி, தொழில் முதலிய இடங்களுள் ஒன்றின் மேற்பட்டவற்றிற் காணப்படுதல் வேண்டும். வாழ்க்கையைத் தெளிவாகத் தாக்குதலும் வேண்டும். இவற்றை ஆராய்ந்து துணிதல் தகுதிபெற்ற மருத்துவர்க்கு உரியது. மேலதிகாரிக்கோ ஆசிரியர்க்கோ உரியதன்று. கோளாறு உண்டென்று கண்டபின்னும் கடமை நீங்குவதில்லை. பனையேறுவோன் காலில் இடுந் தளைநார் தானே பனையேறுவதில்லை, ஏறுவோனே ஏறுகிறான். ஆயினுந் தளைநாரைப் பறித்துக்கொண்டு, ஏறென்று ஏவுதல் முறையாகுமா?

கந்தோரில் வேண்டப்படுந் தளைநார்கள் விலையுயர்ந்தனவல்ல. வாய்மொழிக் கட்டளையைப் பின்னர் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தல். பெரிய வேலையைப் பகுத்து ஒவ்வொரு பகுதிக்குந் தவணை குறித்தல். வாயிலுக்கும் தொலைபேசிக்குந் தூரமாக மேசை அமைத்தல். கிழமைக்கு ஒருமுறை பத்து நிமிடம் உடனிருந்து வேலைநிலையைக் கேட்டறிதல். இருந்த இருப்பை விடுத்து முடிந்த வேலையைக் கொண்டு மதிப்பிடுதல் என்பன அவை. இவை ஏனைய ஊழியர்க்குங் கேடு பயப்பனவல்ல. மருத்துவர் கண்காணிப்பிற் கொடுக்கப்படும் மருந்து பலர்க்குப் பயன்படுவது உண்மையே. எனினும் கோவைகளை ஒழுங்குபடுத்தும் மாத்திரை எதுவும் இல்லை. மருந்தும் ஒழுங்கும் ஒன்றற்கொன்று துணையாதல் வேண்டும்.

நம் பழைய மாணவர் பலர் வாழும் இங்கிலாந்தில், அன்றாட வாழ்வை நெடுங்காலம் பெரிதுந் தாக்குங் குறைபாடுடைய ஊழியர்க்கு நியாயமான வசதி செய்துகொடுத்தலை 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் வேலைகொள்வோர் கடமையாக்கியுள்ளது. இலங்கையிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடலாலோ உள்ளத்தாலோ குறைபாடுற்றாரை அக்குறை ஒன்றே காரணமாக வேலைக்குச் சேர்ப்பதில் வேறுபடுத்தலாகாதென விதித்தது. ஆயினும் தன் நிலையை வெளியிட்டாற் பதவி உயர்வு போய்விடுமென்று ஒருவன் அஞ்சும் இடத்திற் சட்டம் தாளிலேயே தங்கிவிடும். அவ்வச்சத்தை நீக்கும் ஆற்றல் சட்டத்தினும் அறைக்கதவைத் திறந்துவைத்திருக்கும் மேலதிகாரிக்கே மிகுதியும் உண்டு.

ஆசிரியராகிய எமக்கும் இதிற் பங்குண்டு. தேர்ச்சி அறிக்கையில் ‘கெட்டிக்காரன், ஆனால் கவனமில்லை’ என்று ஆண்டுதோறும் எழுதப்படும் மாணாக்கன் எத்தனை பேர்! அவ்வாக்கியம் பத்தாண்டு திரும்பத் திரும்ப வருமாயின், அது கண்டனத்திற்குரிய செய்தியன்று, ஆராய்தற்குரிய செய்தி. பெற்றோரை அழைத்து, மருத்துவரிடங் காட்டுமாறு அன்போடு கூறுவோமாயின் ஒரு பிள்ளையின் பின்வாழ்வு வேறாகலாம். மாணாக்கரும், தம் பக்கத்து வாங்கில் இருப்பவன் புத்தகத்தை மறந்து வந்தால் நகையாது தம் புத்தகத்தை நடுவில் வைப்பாராக. அங்ஙனம் பழகியவரே நாளை திணைக்களத் தலைவராகும்பொழுது, ‘அசிரத்தை’ என்று எழுதுமுன் ஒருமுறை பேனாவை நிறுத்தி, “உமக்கு எவ்வாறு உதவலாம்?” என்று கேட்பர்.