மலிவு விலையும் லாரி டிரைவர் கூலியும்

திருவரங்குளத்து மளிகைக் கடையில் விற்கும் துவரம் பருப்பும், நகரத்துப் பெரிய மலிவு விலைக் கடையில் விற்கும் துவரம் பருப்பும் லாரியில்தான் வந்து சேருகின்றன. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் பாதையில் இரவில் சற்று நின்று பார்ப்பவர் எவரும் இதை அறிவர். கடைக்காரர் தரும் ரசீதில் சரக்கின் விலையும், வரியும், தள்ளுபடியும் காணப்படுகின்றன. ஆனால் அந்த மூட்டைகளை ஊர் ஊராகக் கடத்தி, கண் விழித்து ஓட்டி வந்த மனிதருக்குக் கிடைத்த கூலி என்ன என்பதை அந்த ரசீது சொல்வதில்லை. அதைப் பற்றிக் கேட்பவரும் அரியர்.

மலிவு விலைக் கடைகளை நாம் குறை கூற முன்வரவில்லை. ஏழைக் குடும்பத்துக்கு மாதச் செலவில் நூறு ரூபாய் மிஞ்சுமாயின் அது நன்மையே. இக்கடைகள் மொத்தமாகக் கொள்முதல் செய்து, பெரிய கிடங்குகளில் சேர்த்து, அங்கிருந்து கடைதோறும் லாரிகளில் அனுப்பி வைக்கின்றன. அமெரிக்காவில் வால்மார்ட் கம்பெனி 1970-களின் தொடக்கத்தில் தன் முதல் விநியோகக் கிடங்கை அமைத்து இம்முறையில் வளர்ந்தது. நம் நாட்டில் டி-மார்ட் 2002-இல் மும்பையில் முதல் கடையைத் திறந்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்து, மாநில எல்லைகளிலிருந்த வரிச் சாவடிகள் நீங்கிய பிறகு, பெரிய கிடங்கு முறை இங்கும் வேகமாகப் பரவிற்று. ஆகவே மலிவு விலையின் ரகசியத்தில் பாதி பாதையில்தான் இருக்கிறது.

அந்தப் பாதையில் உழைப்பவரின் நிலைமை யாது? பெரும்பாலும் சரக்குக்குரியவர் ஒருவர்; டிரான்ஸ்போர்ட் ஒப்பந்தக்காரர் வேறொருவர்; லாரிக்குச் சொந்தக்காரர் மூன்றாமவர். டிரைவருக்கு இம்மூவரில் கடையவரிடம் மட்டுமே பேச்சு. நிலையான மாதச் சம்பளம் பெறுவோர் சிலரே. பலருக்கு டிரிப் கணக்கும் பேட்டாவுமே வருமானம். சக்கரம் சுழன்றால் காசு, நின்றால் இல்லை. கிடங்கு வாயிலில் முறை வருமட்டும் எத்தனை மணி நேரம் காத்துக் கிடந்தாலும், அந்நேரம் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை. இழந்த பொழுதை ஈடு செய்ய அவர் தூக்கத்தைக் குறைத்துக்கொள்கிறார். விபத்து நேர்ந்தால் போலீஸ் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவராக முதலில் எழுதப்படும் பெயர் வழக்கமாக அவருடையதே. அவரைக் காக்க வைத்தவரின் பெயர் அங்கே காணப்படாது.

அமெரிக்காவில் 1980-இல் லாரித் தொழிலின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டபின் டிரைவர்களின் கூலி பொதுவாகச் சரிந்தது உண்மையே. ஆயினும் ஏறக்குறைய 12,000 டிரைவர்களைத் தன் சொந்த ஊழியராக வைத்திருந்த வால்மார்ட், ஆள் பஞ்சம் கண்டு, புதிதாகச் சேருவோர் முதல் வருஷத்திலேயே 95,000 முதல் 1,10,000 டாலர் வரை ஈட்டலாம் என்று 2022 ஏப்ரலில் அறிவித்தது. அதனால் அக்கடை மூடப்படவில்லை. மலிவு விலையும் மறையவில்லை. நம் நாட்டு ஃபிளிப்கார்ட்டில் பெரும் பங்கை 2018-இல் வாங்கிய கம்பெனியும் அதுவே. மூலதனம் கடல் தாண்டி வரும்போது இந்தப் பாடமும் உடன் வரட்டும் என்போம்.

நமது சட்டங்களின் போக்கைப் பார்ப்போம். 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனங்களில் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என வரம்பு கட்டிற்று. நெடுந்தூரப் பாதைகளுக்குச் சிறிது தளர்த்திக் கொடுத்தது. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி விதித்தது. ஏட்டில் இருந்த இந்நீதி ரஸ்தாவில் காணக் கிடைத்தது அரிதே. 2025 நவம்பர் 21-இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது இச்சட்டம் அவற்றுள் கரைந்தது. ஐந்து என்றிருந்த எண்ணிக்கை பத்து ஆயிற்று. இரண்டு லாரியும் மூன்று லாரியும் வைத்திருப்போரே மலிந்த இத்தொழிலில், இந்த ஓர் எண் மாறியதால் எத்தனை டிரைவர்கள் சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிற்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

தண்டிக்கும் சட்டமோ தயங்குவதில்லை. விபத்து நிகழ்த்திவிட்டுத் தகவல் தராமல் ஓடுவோருக்குப் பத்து வருஷம் வரை சிறை என்ற புதிய விதியை எதிர்த்து, 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினர். வடநாட்டுப் பெட்ரோல் நிலையங்களில் ஜனங்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். அவ்வருஷம் ஜூலை முதல் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அமலானபோது அப்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. டிரைவர் இல்லையேல் நாடு இரண்டு நாள்கூடத் தாங்காது என்பதை அப்பொழுது எல்லோரும் கண்டார்கள், பிறகு மறந்தார்கள்.

கூலி உயர்ந்தால் விலை ஏறுமே என்று சிலர் கேட்பர். கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பத்து டன் பருப்பு ஏற்றிய லாரியில் டிரைவருக்கு டிரிப்புக்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், கிலோவுக்கு ஏறுவது பத்துப் பைசா. இந்தப் பத்துப் பைசாவைச் சுமக்க முடியாத வியாபாரமா இது? தூங்காத டிரைவரால் நேரும் ஒரு விபத்தின் நஷ்டத்தோடு இதை ஒப்பிட வேண்டாமா?

செய்ய வேண்டுவன தெளிவு. கிடங்கு வாயிலில் குறித்த நேரத்துக்குமேல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் காத்திருப்புக் கூலி டிரைவரின் கையிலேயே சேர வேண்டும். சரக்கை அனுப்புவோரும், ஏற்றுவோரும், பெறுவோரும் டிரைவரின் களைப்புக்குப் பொறுப்பாளிகளே என்பதை ஆஸ்திரேலியா சட்டமாக்கியிருக்கிறது. நாமும் அவ்வாறே செய்யலாம். தொழிலாளர் விஷயம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளதால், பத்து என்ற எண்ணை ஐந்தாக்கத் தமிழ்நாடு சட்டசபை திருத்தம் இயற்றி ராஷ்டிரபதியின் சம்மதம் கோரலாம். கிடங்கு கட்ட அனுமதி தரும்போதே குளியலறையும் ஓய்வறையும் உண்டா என்று ஸ்தல ஸ்தாபனங்கள் கேட்கலாம்.

மலிவான பருப்பை வாங்க நமக்கு உரிமை உண்டு. ஒருவரின் தூக்கத்தை விலையில்லாமல் வாங்க எவருக்கும் உரிமையில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிந்து சட்டம் செய்ய வேண்டியது சர்க்காரின் கடமை. செய்யும்படி வற்புறுத்த வேண்டியது ஜனங்களின் கடமை.