நோய் தீர்க்கக் கற்போர் நலம்

நுவரெலியா, அட்டன் தோட்ட லயங்களிலிருந்து ஒரு பிள்ளை மருத்துவபீடம் புகுந்தால் நாம் மாலையிட்டு மகிழ்கின்றோம். மாலை வாடிய பின்னர் அப்பிள்ளையின் நிலை யாதென வினவுவார் அரியர். 1962ஆம் ஆண்டு தோன்றிய பேராதனை மருத்துவபீடத்திலும் ஏனைய பீடங்களிலும் கல்வி ஐந்தாண்டு. போதனா மொழியோ ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழிற் கற்றவர் மொழியையும் பாடத்தையும் ஒருங்கே பயில வேண்டி உறக்கம் இழக்கின்றார். கொழுந்து பறிக்கும் தாயின் நாட்கூலியை எண்ணி உணவைச் சுருக்குவாரும் உளர். இடரைச் சொல்வது இழுக்கென மனத்துள் அடக்குவாரும் உளர். பிறர் நோய் தீர்க்கக் கற்பவர் தாம் நலிதல் முறையாகுமோ? ஆதலின், மாலைக்குச் செலவிடும் பணத்தை மாதந்தோறும் உதவுதொகையாக்குவோம். ஆங்கிலப் பயிற்சியைப் பள்ளியிலேயே தொடங்குவோம். மருத்துவரான பழைய மாணவர் ஒவ்வொருவரும் ஓர் இளையவருக்கு உற்ற துணையாகுக. கல்லூரித் தாய்க்கு நாம் செய்யும் விழா அதுவே.